99 எண்ணெய்க் குதங்களும் ஒரு கட்டைவிரலும்

நடுவர் அவர்களே, திருமலைச் சபையோரே, வணக்கம். இணைய அரசியல் பேச்சு மக்களைப் பங்காளியாக்குகிறதா, பார்வையாளனாக்குகிறதா? பார்வையாளனாக்குகிறது என்பது எங்கள் கட்சி.

தூரம் போகவேண்டாம், நம் திருகோணமலைச் சீனக்குடாவுக்கு வாருங்கள். அங்கே 99 எண்ணெய்க் குதங்கள், பெரிய தாங்கிகள். அவற்றைப் பற்றி 2022 ஜனவரியில் இந்தியத் தரப்போடு கைச்சாத்தான உடன்படிக்கையை இணையத்தில் இரண்டே விதமாகப் பேசலாம்: "எல்லாம் போச்சு", அல்லது "எல்லாம் மீண்டது". கணக்கோ வேறு. 24 குதங்கள் நம் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். குத்தகை 50 வருடம். அந்த 61 குதத்தில் எத்தனை திருத்தப்படும், வேலை யாருக்கு? நாம் கேட்கவேண்டியது இது. இரண்டு கூச்சலும் இதற்கு இடம் விடாது.

கூச்சல் ஏன் வெல்கிறது? 2017 முதல் முகநூல் ஒரு கோப முகத்துக்கு லைக்கைப்போல் 5 மடங்கு மதிப்புப் போட்டது. நிதானமாக எழுதினவன் கீழே போனான், கொதிக்க வைத்தவன் மேலே வந்தான். பிறகு 2020இல் கோபத்தின் மதிப்பைப் பூச்சியமாக்கினார்கள். எழுதிப் பழகின கையை யார் மாற்றுவது?

வாட்ஸ்அப் இன்னும் மோசம். ஐந்து கை மாறின செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும், அதை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம். நல்ல வேலிதான். ஆனால் எழுத்தைப் பிரதி எடுத்து ஒட்டினால் அம்புக்குறி உதிர்ந்துவிடும். திகதியும் எழுதினவன் பெயரும் அதில் முதலே இல்லையென்றால், பழைய செய்தி இன்று காலை நடந்ததாகிவிடும்.

"2022 மக்கள் போராட்டத்தை மறந்தீரா?" என்று எதிரணி கேட்கும். மறக்கவில்லை. ஏப்ரல் 3 சமூக ஊடகங்களை முடக்கினார்கள், ஊரடங்கும் போட்டார்கள். சனம் வந்தது. தடையைச் சுற்றிப்போகும் விபிஎன் போட்டுப் பார்த்தார்கள் என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவர்களை எழுப்பியது 13 மணிநேர மின்வெட்டும் எரிவாயு வரிசையும். மே மாதம் பதவி விலகின பிரதமர் நம்மூர்க் கடற்படைத் தளத்துக்கு வந்தபோது வாசலில் சனம் கூடியதே, அங்கே போன் கொண்டுவந்தது செய்தியை மட்டும். நாம் வாதாடுவதோ இணைய அரசியல் பேச்சைப் பற்றி.

பங்காளியாவது எப்படி? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம், அலுவலர் எழுதவேண்டும். "ஏன் இன்னும் திருத்தவில்லை?" என்று கேட்டால் மழுப்பலே வரும், அது கருத்துக் கேள்வி. "61 குதங்களின் திருத்தவேலைத் திட்டத்தின் பிரதி" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்கவேண்டும். வணிக இரகசியம் என்று மறுப்பார், மறுக்கட்டும். அதை எழுத்தில் வாங்கி, 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள்.

இதற்கு ஒரு லைக்கும் விழாது, நடுவர் அவர்களே. எதிரணியில் எத்தனை பேர் இப்படி ஒரு கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அடுத்தவரை அழையுங்கள்.