உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் குமரி மாவட்டத்தில் காலையில் எல்லோரும் விசாரிக்கும் ஒரு கணக்கு உண்டு. பேச்சிப்பாறை அணை எத்தனை அடி? பெருஞ்சாணி அணை எத்தனை அடி? முழுக் கொள்ளளவு 48 அடி, 77 அடி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் அந்தத் தண்ணீர் அணையை விட்டு இறங்கி எந்த வழியாக நம் ஊர்க் குளத்துக்கு வருகிறது, குளம் பெருகினால் மறுகால் வழியாக எங்கே போகிறது என்று கேட்டால் பலரும் யோசிக்கிறார்கள். ‘சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்யணும் டீச்சர், எங்கே தொடங்குறது?’ என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் ஊர்த் தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். செய்ய வேண்டிய மற்ற வேலைகள் அந்த வழியிலேயே கண்ணில் படும்.

நான் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பழையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் பழையாற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்தது. அங்கிருந்து வரும் கோதையாற்றுத் தண்ணீரும், பெருஞ்சாணியிலிருந்து வரும் பறளியாற்றுத் தண்ணீரும் புத்தன் அணைக்கு வந்து சேருகின்றன. அங்கிருந்து பாண்டியன் கால்வாயில் ஏறிச் சுருளகோடு பக்கத்தில் சாட்டுப்புதூர் வருகிறது. அங்கே தோவாளை சானல், அனந்தனார் சானல் என்ற கால்வாய்கள் பிரிந்து போக, பழையாறும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் என்று இறங்கி மணக்குடி பொழிமுகத்தில் கடலில் விழுகிறது. வழிநெடுக அணைக்கட்டுகளில் தண்ணீர் திரும்பிக் குளங்களுக்குள் போகும். ஒரு குளத்தின் மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது இந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்ததால்தான்.

இப்போது இந்தச் சங்கிலியின் இரண்டு பக்கமும் வீடுகள். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்து மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கிற இடத்தில் யாருடைய குப்பையும் யாருடைய சாக்கடையும் அவரவர் வேலிக்குள் நிற்பதில்லை. அடுத்த மழைக்கு அடுத்தவர் வயலுக்குள் போய்விடும்.

அணை ஜூன் மாதம் திறப்பார்கள். சானலில் தண்ணீர் ஓடத் தொடங்கி நாலைந்து நாள் கழித்து, கடைவரம்பில், அதாவது சானல் முடியும் இடத்தில், வயல் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ‘அண்ணாச்சி, தண்ணி வந்துட்டா?’ என்று கேட்டேன். ‘தண்ணி இன்னும் வரல்ல டீச்சர். குப்பை வந்துட்டு’ என்றார். கூடப் போய்ப் பார்த்தேன். ஒரு சாக்கு அளவுகூட அகலமில்லாத மடை. அதன் வாயில் குழந்தைகளின் டயப்பர் ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் மதுபாட்டில், சாம்பிராணி டப்பா, கோயில் மாலையிலிருந்து கழன்ற பிளாஸ்டிக் ஜரிகை, இவற்றையெல்லாம் பிணைத்துக்கொண்டு ஆகாயத்தாமரை வேர். அவர் தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொன்றாக உருவி எடுத்துக் கரையில் போட்டார். அவர் வயலுக்குத் தண்ணீர் வர அன்று மத்தியானம் ஆகிவிட்டது. மேலே யாரோ பைக்கில் போகிற போக்கில் பாலத்திலிருந்து வீசிய பை அது. வீசியவருக்கு இந்தப் பெரியவரைத் தெரியாது.

மழை கொட்டும்போது இதே அடைப்பு வேறு விதமாக வேலை செய்யும். பாலத்துக்கு அடியில் போக வழியில்லாத தண்ணீர் கரையைத்தான் அரிக்கும். 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் சானல்களும் குளக்கரைகளும் உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்று பெய்தது பெருமழைதான், மறுக்கவில்லை. ஆனால் பெருமழை நமக்குப் புதிதில்லையே. இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது.

சரி, என்ன செய்யலாம்? வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

நம் வீடுகளில் மீன் இல்லாத நாள் குறைவு. சாளையோ அயிலையோ வெட்டினால் தலை, குடல், செதில் என்று ஒரு சட்டி கழிவு மிஞ்சும். மற்ற அடுக்களைக் கழிவை உரக்குழியில் போடச் சொன்னால் போடுகிறார்கள். மீன் கழிவுக்கு மட்டும் தயங்குகிறார்கள். நாற்றம், பூனை, நாய், எலி. கடைசியில் அது ஒரு கேரி பையில் கட்டப்பட்டு, இருட்டிய பிறகு ஓடைக்குப் போகிறது. இதற்கு நல்ல வழி மீன் அமிலம். ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம். வெல்லத்தைப் பொடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் கழிவும் வெல்லமுமாக அடுக்கி, தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமல் நிழலில் வையுங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம். உள்ளே வாயு சேரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மூடினால் போதும். மூன்று நான்கு வாரத்தில் முள் தவிர மற்றதெல்லாம் கரைந்து தேன் நிறத்தில் பாகாகிவிடும். மீன் வாடை போய் ஒரு பழ வாசனை வரும். அதுதான் பக்குவம். வடிகட்டி, பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு மிளகாய், வெண்டை, கத்தரிக்குத் தெளியுங்கள். வெல்லத்துக்குக் காசு ஆகுமே என்று கேட்கலாம். ஆகும்தான். கடையில் வாங்கும் உரத்துக்கும் காசுதான் கொடுக்கிறோம்.

அடுக்களையில் கழுவும் தண்ணீரை நம் பெரியவர்கள் வாழை மூட்டுக்குத்தான் விட்டார்கள். மட்டியும் பாளையங்கோட்டானும் புறவாசலில் நின்றதற்குக் காரணம் அதுதான். இப்போது முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து, குழாயை நேரே ரோட்டோர ஓடைக்கு விடுகிறோம். நாலு கல்லைப் பெயர்த்து, இரண்டு வாழையும் கொஞ்சம் சேம்பும் வைத்தால் ஒரு சின்னக் குடும்பத்தின் கழுவு தண்ணீர் அங்கேயே அடங்கும். சோப்புத் தண்ணீர் அதிகமென்றால் நடுவில் ஒரு குழி எடுத்து, அதில் ஜல்லியும் மணலும் போட்டு அதன் வழியாக விடுங்கள். மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமை. வீட்டுக்கு ஒரு மூடு வைப்பது அந்தப் பெருமைக்கு ஏற்ற காரியம்.

சருகு எரிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலையில் முற்றம் தூத்து, சருகோடு பிளாஸ்டிக் கவரும் சேர்த்துத் தீ வைப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்தப் புகையில் டயாக்சின் போன்ற நஞ்சு இருக்கிறது. சாம்பல் மழையில் கரைந்து போவது பக்கத்திலிருக்கும் கிணற்றுக்கு. சருகைத் தென்னை மூட்டில் போட்டு மேலே கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, அடுக்குங்கள். பிளாஸ்டிக்கை உலர்ந்ததாகத் தனியே கட்டித் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுங்கள். டயப்பர், நாப்கினைக் காகிதத்தில் சுற்றி வேறாகக் கொடுங்கள். அவர்கள் அதைக் கையால் பிரிக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்தது குளம். இது என் மனதுக்கு மிக நெருக்கமானது.

2022-ல் நம் மாவட்டத்துக்கு இரண்டு ராம்சார் ஈரநிலங்கள் கிடைத்தன. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி சுமார் 94 ஹெக்டேர். வேம்பனூர் ஏறத்தாழ 20 ஹெக்டேர். உலகளவில் முக்கியமான ஈரநிலம் என்ற இந்தத் தகுதிக்கு வைத்திருக்கும் அளவுகோல்களில் நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையும் ஒன்று. அதனால் பறவைகளை எண்ணுவது பொழுதுபோக்கு மட்டுமல்ல, குளத்துக்குச் சாட்சி சேர்க்கும் வேலை. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும். இதில் கலந்துகொள்ள நிபுணராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் குறைந்தது 15 நிமிடம் நின்று, என்னென்ன பறவை, எத்தனை என்று குறித்து, இ-பேர்ட் செயலியில் பதிவு செய்தால் போதும். பெயர் தெரியாத பறவையை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுங்கள்.

தேரூர் குளத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். கூழைக்கடா நடுத் தண்ணீரில் நீந்துகிறது. மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைக்குத்தியும் முட்டளவு தண்ணீரில் நடந்து மேய்கின்றன. இலைக்கோழி மிதக்கும் இலைகள் மேலேயே நடக்கிறது, அங்கேயே முட்டையும் இடுகிறது. கரையோரச் சகதியில் உள்ளான்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆழம். குளத்தைச் சீரமைக்கிறோம் என்று ஜேசிபி இறக்கி, நாலு பக்கமும் சுவர் போல வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்கும், நாரைகளுக்கு நிற்க இடம் இருக்காது. ஆகவே தூர்வாரும் நல்ல மனிதர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு பக்கமாவது சரிவாக விடுங்கள். கரையில் நிற்கும் தாழையைப் பிடுங்காதீர்கள். அதன் வேர்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மரம் நடுவதில் ஆர்வமுள்ளவர்கள் நம் ஊரில் நிறைய. நல்லது. இடத்துக்கு ஏற்ற மரமாகப் பாருங்கள். கடலோரம் புன்னை. ஆற்றங்கரையில் நீர்மருது. குளக்கரையில் பனை. பனங்கொட்டைக்குச் செலவே இல்லை. பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் பொறுக்கி அப்படியே ஊன்றலாம். நட்ட அன்று எடுக்கும் படத்தைவிட, அடுத்த இரண்டு கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று அன்றே பெயர் எழுதி வைப்பது முக்கியம். ஒக்கி புயலில் விழுந்த மரங்களுக்கு ஈடு செய்ய இன்னும் எத்தனையோ நட வேண்டியிருக்கிறது.

கடற்கரை ஊர்க்காரர்கள் ‘குளம் எங்களுக்கு எதுக்கு?’ என்று நினைக்க வேண்டாம். நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் அழுத்திக்கொண்டு இருக்கும்வரைதான் உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் நிற்கும். மேலே குளம் வற்றி, கீழே போர் போட்டு இறைத்தால் கடலோரக் கிணறுதான் முதலில் கரிக்கும்.

இனி, ஊரோடு சேர்ந்து செய்வது எப்படி? பிப்ரவரி கடைசியில் அணையை அடைத்தால் ஜூன் வரை சானல்கள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். அந்த மூன்று மாதம்தான் துப்புரவுக்கு வாய்ப்பு. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை கிலோமீட்டர் கிளைச்சானலைச் சுத்தம் செய்துவிடலாம். உள்ளாட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். எடுத்த குப்பையை அன்றே அள்ளிப் போக வண்டிக்குச் சொல்லி வையுங்கள். இதைச் செய்யாமல் கரையில் குவித்து வைத்த குப்பை முதல் மழைக்குத் திரும்பச் சானலுக்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன். குளத்து வண்டல் வேண்டும் என்கிற விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். ஆட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டியதில்லை என்று 2024-ல் இதை எளிதாக்கியிருக்கிறார்கள்.

ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் சண்டைக்குப் போவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் ‘அ’ பதிவேடு விவரமும் புலப்படமும் கிடைக்கும். குளம் எவ்வளவு பரப்பு என்று அதில் இருக்கும். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி, நீர்வளத் துறைக் குளமென்றால் அளந்து எல்லை குறிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவை இருபது பேர் கையெழுத்தோடு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம்; அன்று குளத்தைப் பற்றிப் பேச ‘இது இப்போது எதற்கு?’ என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் நம் மாவட்டத்தில் பேரூராட்சிகளும் நிறைய. மக்களில் பத்தில் எட்டுப் பேர் நகரப் பகுதி என்று கணக்கிடப்பட்ட இடங்களில் இருக்கிறார்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை கிடையாது. வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022-ல் அதற்கு விதிகள் வந்தும் பலருக்கு இது தெரியாது. நவம்பர் 1 உள்ளாட்சி தினம். 1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் அதே நாளில்தான். உங்கள் கவுன்சிலரிடம் ‘நம்ம பகுதி சபை எப்போ, எங்கே?’ என்று இந்த வாரமே கேளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது குளத்தின் பெயர், சர்வே எண், மடையின் இப்போதைய நிலை, மறுகால் எங்கே அடைத்திருக்கிறது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பேசி முடித்ததும் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

வாய்ப்புத் தந்த நாகர்கோவில் வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.