ஒரே கம்பெனியில் ஒரு காலம்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஒரே கம்பெனியில் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வேலை பார்க்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் இதை வெளியில் சொன்னால் கேட்பவர் முகத்தில் லேசாக ஒரு இரக்கம் தெரிகிறது, பாவம், வேறு எங்கும் கிடைக்கவில்லை போல என்று. முன்பெல்லாம் நம்ம பக்கம் பெண் கொடுக்கிற வீட்டில் முதல் கேள்வியே "வேலை பர்மனென்ட்டுங்களா?" என்பதுதான். இப்போது "பேக்கேஜ் எவ்வளவுங்க?" என்று கேட்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, விலைவாசி அப்படி.

நான் இருப்பது நூற்பாலை இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்கிற கம்பெனி. சாஃப்ட்வேர் என்றதும் சரவணம்பட்டிப் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரில் சாஃப்ட்வேர் அதற்கு வெகு முன்னாலேயே மில்லுக்குள் நுழைந்துவிட்டது, பஞ்சுத் தூசிக்கு நடுவே இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். 1930களில் பைகாரா மின்சாரம் வந்து மில்கள் பெருகி, மில்லுக்குப் பழுது பார்க்கப் பட்டறைகள் முளைத்து, 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டாரையே செய்துகாட்டிய ஊர் இது. இங்கே ஒரு மெஷினை வாங்கினால் லேசில் கழித்துக்கட்ட மாட்டார்கள். பேரிங் மாற்றுவார்கள், மோட்டாரை ரீவைண்டிங் செய்வார்கள், இனி நமக்கு ஆகாது என்று விற்றாலும் ராஜபாளையத்திலோ திண்டுக்கல்லிலோ இன்னொருவர் வாங்கி ஓட்டுவார். இருபத்தைந்து வருஷம் ஓடுகிற மெஷினுக்குப் புரோகிராம் எழுதினவர் இரண்டு வருஷத்தில் கிளம்பிவிட்டால், தான் எழுதியது பிற்பாடு என்ன பாடுபட்டது என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. நான் தங்கியதற்குப் பெரிய காரணம் இதுதான், சம்பளம் இல்லை.

சேர்ந்த புதிதில் மெஷினை இயக்குகிற 8051 சிப்புக்கு அசெம்பிளி மொழியில் எழுதுவோம், புரோகிராம் ஈப்ராம் என்கிற மெமரி சிப்பில் இருக்கும். அதன் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல், வெளிச்சம் படாமல் அதன்மேல் ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் பேனாவால் வெர்ஷன் நம்பரும் தேதியும். ஒரு வரி மாற்ற வேண்டும் என்றாலும் ஸ்டிக்கரை உரித்து, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து அழித்து, மறுபடி எழுதி, சிப்பின் கால்கள் வளையாமல் கறுப்பு ஃபோமில் குத்தி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அப்புறம் பி.எல்.சி. என்கிற ஆலைக் கம்ப்யூட்டர் வந்தது, டச் ஸ்கிரீன் வந்தது, இப்போது மில் முதலாளி வீட்டில் உட்கார்ந்து போனிலேயே உற்பத்தியைப் பார்க்கிறார். நான் கம்பெனி மாறவில்லையே தவிர, செய்த வேலை பலமுறை மாறிவிட்டது.

ஒரு விஷயத்தை விவரமாகச் சொல்கிறேன். நூல் நூற்கிற மெஷினான ரிங் ஃப்ரேமில் பழைய காலத்தில் ஒரே மோட்டார்தான், மற்றதெல்லாம் கியரில் கோத்திருக்கும். கரண்ட் போனால் நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டிலும் பஞ்சை இழுத்துக்கொடுக்கும் ரோலரும் சேர்ந்தே ஓய்ந்து நிற்கும். பிறகு ஸ்பிண்டிலுக்கு ஒரு மோட்டார், ரோலர்களுக்கு வேறு மோட்டார்கள் என்று பிரித்தார்கள். கியரைக் கழற்றாமல் திரையில் எண்ணைத் தட்டினாலே நூலின் கவுண்ட்டும், அதாவது பருமனும், முறுக்கும் மாறும், நல்ல வசதி. ஆனால் கரண்ட் பட்டென்று போனால் ரோலர் சட்டென்று நின்றுவிடும், ஸ்பிண்டில் பக்கம் வேகம் உடனே குறையாமல் சுற்றிக்கொண்டிருக்கும், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிண்டிலிலும் இழை அறுந்து தொங்கும். அதை ஒவ்வொன்றாக ஒட்டுகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், நம்மை என்ன திட்டுவார்கள் என்று. இதற்கு வழி, சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்பிண்டில் மோட்டாரையே அந்த நேரத்துக்கு ஜெனரேட்டராக்கி, அதில் வரும் கரண்டை ரோலருக்குக் கொடுத்து, இரண்டையும் ஒன்றாக இறக்கி நிறுத்துவது.

2012இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். இ.பி. போய் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் போய் இ.பி. என்று நாளெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சமயம் பல்லடம் பக்கத்து மில்லில் ஒரு ஃபிட்டர் சொன்னார், "ஏனுங் சார், ஜென்செட் வந்த ஒடனே உங்க மெசினு அவசரப்படுதுங்க, கொஞ்சம் நிதானமா இருக்கச் சொல்லுங்க." வோல்டேஜ் நிலைப்படுவதற்கு முன்பே மெஷின் ஸ்டார்ட்டுக்குத் தயார் என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் பேச்சைக் கேட்டுப் புரோகிராமில் சில வினாடி காத்திருக்க வைத்தோம். சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இந்த வெயிட் எதுக்குங்க சார், எடுத்துட்டா ஸ்டார்ட்டிங் வேகமாயிரும்ல?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் எந்த ஃபைலிலும் இல்லை, கேட்டுச் சொல்ல ஆள் இருந்ததால் அந்த வரி பிழைத்தது. அன்றைக்கே பல்லடம் கதையையும் சேர்த்து, புரோகிராமுக்குள்ளேயே கமென்ட்டாக, அதாவது விளக்கக் குறிப்பாக, எழுதி வைக்கச் சொன்னேன்.

ஏனென்றால், தெரிந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு "நான் இல்லாமல் ஓடாது" என்று இருக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு லீவும் கிடைக்காது, பிரமோஷனும் கிடைக்காது, அந்த நாற்காலியை விட்டு எழ விடமாட்டார்கள். நான் டிசைனிலிருந்து சர்வீஸுக்குக் கேட்டு வாங்கிப் போனேன், சில வருஷம் மில் மில்லாக அலைந்துவிட்டுத் திரும்பி வந்தேன். போகும்போது பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் தொழிலே கற்றேன்.

சரி, காசுக்கு வருவோம். என்னோடு வேலைக்குச் சேர்ந்து, பிறகு பெங்களூரு போனவர்கள் என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. தங்குகிறவருக்கு வருவது கிராஜுவிட்டி, வேலையை விட்டுப் போகும்போது சர்வீஸுக்காகக் கொடுக்கிற தொகை. 1972ஆம் வருஷச் சட்டத்தில் வந்த கணக்கு இது, கடைசியாக வாங்கிய பேசிக்கையும் டி.ஏ. என்கிற அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். 52,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 30,000, முப்பது வருஷத்துக்கு 9 லட்சம். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸை ஏற்றிக் காட்டின ஆஃபரில் இது எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பி.எஃப். பென்ஷனை நம்பி மட்டும் யாரும் உட்கார வேண்டாம். 2014இல் வைத்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பையே முழுக்க எடுத்துக்கொண்டு, இருபது வருஷம் தாண்டினால் சேர்க்கிற இரண்டு வருஷத்தையும் கூட்டினாலும், முப்பது வருஷத்துக்கு மாதம் 7,000கூட வருவதில்லை. அதனால் நான் சில வருஷத்துக்கு ஒருமுறை வெளியே இன்டர்வியூ போய்விட்டு வருவேன், நம்ம விலை என்னவென்று தெரிந்துகொள்ள. தெரிந்தால்தான் உள்ளே கேட்க முடியும். கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை, எவ்வளவு நல்ல முதலாளியாக இருந்தாலும்.

எல்லாரும் தங்குங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கம்பெனி புதிதாக ஒன்றும் செய்யாமல் பழைய சரக்கையே விற்றுக்கொண்டிருந்தால், சம்பளம் மாதாமாதம் தள்ளிப்போனால், பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால், விசுவாசம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள், வேறு இடம் பாருங்கள். பி.எஃப். பாஸ்புக்கை ஆன்லைனிலேயே பார்க்கலாம், யூ.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு நம்பரும் அதற்கான பாஸ்வேர்டும் வேண்டும். பார்த்து ரொம்ப நாளாகியிருந்தால் இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.