ஓநாய்க்குப் பல் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தேவதைக் கதைகளைப் பற்றியும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்களைப் பற்றியும் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். பள்ளிக்கூட நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அங்கே இந்த இரண்டுக்கும் தனித்தனி அலமாரி. ஆனால் எடுத்துப் படித்துப் பாருங்கள், இரண்டிலும் கதை சூடு பிடிப்பதற்குள் அப்பா அம்மா ஒதுங்கியிருப்பார்கள். செத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வறுமையில் கையை விரித்திருப்பார்கள், அதுவும் இல்லையென்றால் அவர்களே பொல்லாதவர்களாக இருப்பார்கள். பிள்ளை தனியாக நிற்கும். என்ன செய்வது என்று அதுவே யோசித்தாக வேண்டும். இந்தக் கதைகளின் சுவையும் பயனும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன என்பது என் கட்சி. பெரியவர்களாகிய நாம் கை வைத்துக் கெடுப்பதும் அதே இடத்தைத்தான்.

ஹான்சல், கிரெட்டல் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மிட்டாய் வீடு, சூனியக்காரக் கிழவி என்று பள்ளி ஆண்டுவிழா நாடகமாகக்கூடப் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கதை மிட்டாயில் தொடங்கவில்லை, பஞ்சத்தில் தொடங்குகிறது. விறகுவெட்டி வீட்டில் நாலு வயிற்றுக்குச் சோறு இல்லை. பசியில் தூக்கம் வராமல் கிடக்கும் பிள்ளைகளின் காதில், பெற்றவர்கள் ராத்திரியில் பேசிக்கொள்வது விழுகிறது: பிள்ளைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறாள் தாய். ஹான்சல் சத்தமில்லாமல் வெளியே போய், நிலா வெளிச்சத்தில் பளபளக்கும் வெள்ளைக் கூழாங்கற்களைச் சட்டைப்பை கொள்ளும் மட்டும் அள்ளி வருகிறான். வழிநெடுக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனதால் அன்றைக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை கதவு பூட்டிக் கிடக்கிறது. கல் பொறுக்க முடியவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறான், பறவைகள் தின்றுவிடுகின்றன.

அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்பாதியில் கிரெட்டல் எதற்கெடுத்தாலும் அழுவாள், அண்ணன்தான் தேற்றுவான். வழி தெரியாமல் மிட்டாய் வீட்டில் மாட்டிக்கொண்டதும், தின்பதற்காக அண்ணனைக் கிழவி அடைத்துவைத்துக் கொழுக்க வைக்கிறாள். அடுப்பு சூடேறிவிட்டதா, உள்ளே நுழைந்து பார் என்று கிரெட்டலிடம் சொல்கிறாள். எப்படி நுழைவது என்று தெரியவில்லையே என்று ஒன்றும் அறியாதவள் போலக் கேட்கிறாள் கிரெட்டல். இவ்வளவு பெரிய வாய் இருக்கிறதே, நானே நுழையலாம் என்று கிழவி தலையை விட்டுக் காட்ட, பின்னாலிருந்து ஒரே தள்ளு, இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள். அவளுக்கு யாரும் தைரியம் சொல்லித் தரவில்லை. 'அழாதே, பொம்பளைப் பிள்ளையும் துணிச்சலாக இருக்க வேண்டும்' என்று கதையில் எங்குமே ஒரு வரி கிடையாது. படிக்கிற எட்டு வயதுப் பிள்ளை அதைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

இதை அச்சில் ஏற்றியவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த கிரிம் சகோதரர்கள். மூத்தவர் யாக்கோப், இளையவர் வில்ஹெல்ம். 1812 கிறிஸ்துமஸை ஒட்டி முதல் தொகுதி வந்தபோது அதில் 86 கதைகள் இருந்தன, படம் ஒன்றுகூட இல்லை, பின்னால் ஆராய்ச்சிக் குறிப்புகள் இருந்தன. ஊர் ஊராக அலைந்து குடியானவர்களிடம் கேட்டு எழுதினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையில் காஸல் நகரில் அவர்களுக்குத் தெரிந்த படித்த வீட்டுப் பெண்கள்தான் நிறையக் கதைகளைச் சொன்னவர்கள். பிற்பாடு டோரத்தேயா ஃபீமன் என்ற தையற்காரர் மனைவி வந்து சொன்ன கதைகளும் சேர்ந்தன. பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகமா இது என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது.

அப்புறம் திருத்தம் தொடங்கியது. 1857 வரைக்கும் ஏழு பதிப்புகள். வில்ஹெல்ம் ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டார். முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் சித்தி ஆகிவிட்டாள். ஹான்சலின் அம்மா 1840இல் சித்தி ஆனாள். கோபுரத்தில் அடைபட்ட ரபுன்ஸல், தன் நீண்ட கூந்தலைப் பிடித்து மேலே ஏறிவருகிற, தன்னை அடைத்துவைத்தவளிடம், என் உடை ஏன் இறுக்கமாகிக்கொண்டே வருகிறது என்று முதல் பதிப்பில் வெகுளியாகக் கேட்பாள். அரசகுமாரன் வந்துபோகிற சங்கதி அதிலேயே வெளிப்பட்டுவிடும். பிற்பாடு அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, அரசகுமாரனைவிட நீங்கள் ஏன் இழுக்க இவ்வளவு கனமாக இருக்கிறீர்கள் என்று அவள் உளறுவதாக மாற்றினார்கள். முந்தையது எவ்வளவு இயல்பு! பிந்தையதில் அந்தப் பெண்ணை வெறும் அசடாக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கொடுமைகளில் அவர் அவ்வளவாகக் கை வைக்கவில்லை. ஸ்னோ ஒயிட்டின் சித்தி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு செத்து விழும்வரை ஆடுவது கடைசிப் பதிப்பிலும் இருக்கிறது. தாய் கெட்டவளாக இருக்கக் கூடாது, கர்ப்பம் தெரியக் கூடாது, செருப்பு இருக்கலாம். எல்லாக் காலத்துப் பெரியவர்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

இதைவிட நல்ல உதாரணம் சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமி. 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ எழுதியதில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பேத்தியையும் தின்கிறது, அவ்வளவுதான் கதை. கீழே செய்யுளில் ஒரு நீதி: இளம்பெண்களே, இனிக்கப் பேசுகிற ஓநாய்களிடம் ஜாக்கிரதை. கிரிம் சகோதரர்கள் ஒரு வேட்டைக்காரரை வரவழைத்து, ஓநாயின் வயிற்றைக் கத்தரித்து இருவரையும் வெளியே எடுக்கிறார்கள். ஆனால் பிரெஞ்சுக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாய்மொழியாகக் கேட்டு எழுதிய ஒரு வடிவம் உண்டு. அதில் நீதியும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. படுக்கையில் இருப்பது பாட்டி இல்லை என்று தெரிந்ததும், வெளியே ஒதுங்கப் போக வேண்டும் என்கிறாள் சிறுமி. படுக்கையிலேயே இருந்துவிடு என்கிறது ஓநாய். முடியவே முடியாது, வெளியேதான் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். சரி என்று காலில் ஒரு கயிற்றைக் கட்டி அனுப்புகிறது. வாசலுக்கு வந்தவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓட்டம் பிடிக்கிறாள். என்ன, இன்னும் முடியவில்லையா என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது ஓநாய்!

எழுத்தாளர்கள் கையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பாடமோ ஒரு காவலரோ தேவைப்பட்டுவிட்டது. கதை சொன்ன கிராமத்தார் அவளை நம்பினார்கள். இந்த வடிவத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு அடங்கவே நேரமாகும். அந்தக் கயிறு ஆயுசுக்கும் மறக்காது.

நம் வகுப்பறைப் பழக்கம் ஒன்று உண்டு. கதை முடிந்த கையோடு, 'இக்கதையால் அறியப்படும் நீதி யாது?' இரண்டு மதிப்பெண். பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்ல, கதையைப் படிக்காமலே விடை எழுதத் தெரியும். 1947இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய அம்புலிமாமா இந்த விஷயத்தில் நம் பாடநூல்களைவிடக் கெட்டி. அதில் தொடர்ந்து வந்த விக்கிரமாதித்தன் கதையில், முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்ட வேதாளம் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மறுபடி மரம் ஏறும். விக்கிரமன் சொல்கிற தீர்ப்பு எனக்குச் சிறுவயதில் பலமுறை பிடிக்கவில்லை. அவன் சொன்னது தப்பு என்று வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். சண்டை போட இடம் கொடுத்ததுதான் அந்தக் கதைகளின் பெருமை. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், உருவிய வாளும் தோளில் தொங்கும் பிணமுமாக, பாலர்களுக்கு ஆகாது என்று யாரும் அப்போது சொன்னதாகத் தெரியவில்லை.

சரி, பதினாலு வயதுக்கு வருவோம். இந்த வயதுப் பிள்ளைக்கு ராட்சசன் போதாது. அவர்களைப் பயமுறுத்துவது வேறு: நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்களோ, வீட்டில் பணம் இல்லை என்பது வகுப்பில் தெரிந்துவிடுமோ, நான் யார் பக்கம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் ஒரு பள்ளி மாணவிக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளைப் போன்றவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று எரிச்சல். பதினைந்து வயதில் தானே எழுதத் தொடங்கினாள். அவர்தான் எஸ். ஈ. ஹின்டன். 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் 1967இல் வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. எழுதியது பெண் என்று தெரிந்தால் மதிப்புரைக்காரர்கள் ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பதிப்பகத்தார் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கச் சொன்னார்கள். இதை எழுதிக்கொண்டிருந்த ஆண்டில் பள்ளியில் படைப்பிலக்கியப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது 'டி' கிரேடு.

அந்த நாவலிலும் அப்பா அம்மா இல்லை, கார் விபத்தில் போய்விட்டார்கள். இருபது வயது அண்ணன் இரண்டு தம்பிகளை வளர்க்கிறான். கடைக்குட்டிக்குப் பதினாலு வயது, கதை சொல்வது அவன்தான். ஏழைப் பையன்கள் ஒரு கும்பல், பணக்காரப் பையன்கள் ஒரு கும்பல், கத்திக்குத்துவரை போகும் பகை. எதிர்க் கும்பலைச் சேர்ந்த பெண் ஒருத்தியோடு பேசும்போது, அவள் தன் வீட்டு முற்றத்திலிருந்து பார்க்கிற சூரிய அஸ்தமனமும் இவன் பின்வாசல் படியிலிருந்து பார்ப்பதும் ஒன்றுதானே என்று இவனுக்குத் தோன்றுகிறது. அதற்காகக் கும்பல்கள் ஒன்றும் கைகுலுக்கிக்கொள்வதில்லை. சாவு நடக்கத்தான் செய்கிறது. கடைசியில் ஆங்கில ஆசிரியர் கேட்ட கட்டுரைக்காக அவன் பேனாவை எடுத்து எழுதும் முதல் வாக்கியம்தான் நாவலின் முதல் வாக்கியம். கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கத்துப் பள்ளி மாணவர்கள், இதைப் படமாக எடுங்கள் என்று கையெழுத்து போட்டு இயக்குநர் கொப்பலாவுக்கு அனுப்பினார்கள். 1983இல் படம் வந்தது. ஒரு புத்தகத்துக்காகப் பதின்வயதுப் பிள்ளைகள் மனு போட்டார்கள் என்றால், இந்த வயதில் யாருக்கும் படிக்க ஆசையில்லை என்ற புலம்பலை நான் எப்படி நம்புவது?

தமிழில் இந்த அலமாரி மெலிந்துதான் இருக்கிறது. என் தலைமுறை அம்புலிமாமாவிலிருந்து சிவகாசி முத்து காமிக்ஸுக்கு வந்து, இரும்புக்கை மாயாவியோடு கொஞ்ச நாள் சுற்றிவிட்டு, நேராக சுஜாதாவுக்கும் ராஜேஷ்குமாருக்கும் தாவியது. அந்தத் தாவலில் எனக்கு வருத்தமில்லை, மொழி அங்கேதான் பழகியது. ஆனால் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள், சம்பாதிக்கிறவர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எங்கள் நூலகத்தில் வந்து, எங்க வயசுல இருக்கிறவங்களைப் பத்தி ஏதாவது இருக்கா சார் என்று கேட்டால் நான் கொடுப்பதற்கு அதிகம் இல்லை. இருப்பவற்றிலும் பல, பாதியில் ஒரு நல்ல ஆசிரியர் வந்து எல்லாவற்றையும் தீர்த்து வைத்துவிடுபவை. வேட்டைக்காரர் வேடம் மாறி வருகிறார், அவ்வளவே.

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. நல்லதங்காள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹான்சல் வீட்டில் வந்த அதே பஞ்சம்தான். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கிறாள். நல்லதங்காள் கற்பின் வலிமையால் அது பற்றி எரிகிறது. ஆனால் அவமானம் தாங்காமல் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில்கூட இருக்கிறது. இந்தக் கதையைப் பாட்டிகள் பேரப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்கள், யாரும் சித்தியாக மாற்றவில்லை. சொல்பவர்கள் சிலர் மூத்த பையனிடம் வரும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல்வார்கள். அவனுக்கு விவரம் தெரியும் வயது. அம்மா என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்து கெஞ்சுவான், ஓடப் பார்ப்பான்.

எனக்கு அந்தப் பையன்மேல் ஒரு கண். அவன் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன நினைத்திருப்பான், தம்பி தங்கைகளை விட்டு வருகிறோமே என்றா, அம்மா பாவம் என்றா, மாமா இன்னும் சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா என்றா? அவனே சொல்வதாக நூற்றைம்பது பக்கத்தில் யாராவது எழுதுங்கள். கிணற்றடியில் நீதி எதுவும் ஒட்டாமல் எழுதுங்கள். எங்கள் நூலகத்துக்கு ஐந்து படிகள் வாங்க நான் பொறுப்பு.

நன்றி, வணக்கம்.