சுவர் இருந்தால்தான் சித்திரம்

விழாத் தலைவர் அவர்களே, நாடாளுமன்ற உறுப்பினரான சிறப்பு விருந்தினர் அவர்களே, நற்பணிச் செயற்குழுப் பொறுப்பாளர்களே, ஓய்வுபெற்ற பின்னும் முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்து எங்கள் இலக்கணத்தைக் கண்காணிக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். ஞாயிறு மாலையை நமக்காக ஒதுக்கிய சிறப்பு விருந்தினருக்கும், ஒலிபெருக்கி முதல் வடை வரை பார்த்துப் பார்த்துச் செய்த மகளிர் குழுவினருக்கும் நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் மணி அடித்துவிடுவார்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். உடல்நலத்துக்குச் சொல்லும் பழமொழி இது. நான் படிப்பறைக்கும் சொல்வேன். (எதற்குத்தான் இதைச் சொல்லவில்லை என்று என் மனைவி கேட்பதுண்டு.) பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு வேண்டிய வெளிச்சம், காற்று, ஓசையடக்கம் ஆகிய மூன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையேல் கையின் நிழல் எழுத்தின் மீதே விழும். கணினித் திரையைச் சன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் வெயில் அதில் பட்டுக் கண் கூசும். கிட்டப்பார்வை மிகுந்த நம் சிங்கப்பூரில், நல்ல மேசை விளக்கு வாங்கித் தந்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளை வெளியே விளையாடவும் அனுப்புங்கள்.

அடுத்தது காற்று. நம் வீடுகளில் பொருத்தப்படும் குளிர்சாதனப் பெட்டிகளில் பெரும்பாலானவை வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கின்றன. கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு இருவர் மணிக்கணக்கில் அமர்ந்தால், மூச்சுக்காற்றின் கரியமிலவாயு அங்கேயே சேர்ந்து தூக்கம் சொக்கும். அமைதியாக இருக்கிறதே என்று, வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்ட வெடிகுண்டுப் பாதுகாப்பு அறைக்குள் மேசை போட்டுக் கொடுத்த குடும்பத்தையும் நான் அறிவேன். சுவர் என்றால் அதுதான் சுவர், கனத்த கான்கிரீட்டுச் சுவர்! ஆனால் சன்னல் இல்லாத அந்த அறையில் பிள்ளை எப்படிச் சித்திரம் எழுதும்?

ஈசூனில் உள்ள நண்பர் ஒருவர் மகளுக்காகப் புது மேசையும் நாற்காலியும் வாங்கி, அறைக்குக் குளிர்சாதனமும் போட்டார். வீட்டில் தொலைக்காட்சி நின்றது. தாளிக்கும் ஓசைகூட அடங்கியது. ஆனால் கால்மணிக்கொரு முறை பாட்டி மைலோ பானத்துடன் வருவார், அவர் போனதும் அம்மா எட்டிப் பார்ப்பார், அதன்பின் நண்பரே வந்து “எவ்வளவு முடிஞ்சது?” என்பார். ஒருநாள் அந்தப் பெண் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விட்டாள். பதறியடித்துப் பின்னாலேயே போன நண்பர் கண்டது, பெட்டிகளை உருட்டிச் செல்லும் பயணிகளுக்கும் ஓயாத அறிவிப்புகளுக்கும் நடுவே தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்த மாணவர் கூட்டத்தை. மகள் சொன்னாளாம்: “அப்பா, இங்க யாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கலை. எல்லாரும் படிக்கிறாங்க, எனக்கும் படிக்கத் தோணுது.” பக்கத்தில் அமர்ந்த நண்பர் சற்று நேரத்தில் குறட்டை விட, அவரை எழுப்பி வீட்டுக்கு அழைத்து வந்ததும் அவள்தான்.

சிரிக்கிறீர்கள். ஆனால் ஏறத்தாழ 90 சதுர மீட்டர் நாலறை வீட்டில், மூன்று படுக்கையறைகளைத் தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள், பணிப்பெண் என அனைவரும் பகிர்ந்துகொள்ளும்போது, தனிப் படிப்பறைக்கு எங்கே போவது? ஆகவேதான், சிறப்பு விருந்தினர் அவர்களிடம் சென்ற ஆண்டு வைத்த கோரிக்கையையே மீண்டும் வைக்கிறேன். நம் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், வசிப்போர் குழுவின் அறை மாலைக்குப்பின் பூட்டியே கிடக்கிறது. சுவர் கட்டியாகிவிட்டது ஐயா, சித்திரம் எழுதப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், சாவிதான் வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை, தேர்வுக்காலத்திலாவது அதை இரவு பதினொன்று வரை திறந்துவைக்க அனுமதியுங்கள். மேசைகளை நாங்கள் தேடிக்கொள்கிறோம். ஓர் அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் தரத் தமிழாசிரியர்கள் இசைந்திருக்கிறார்கள்.

ஓசையைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரவில் அறையைப் பார்த்துக்கொள்ள முறைவைத்து வரக்கூடிய பெற்றோர், வாசல் மேசையில் உள்ள தாளில் பெயரும் புளோக் எண்ணும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமைகளுக்கு என் பெயரை எழுதிவிட்டேன். நன்றி, வணக்கம்.