சூடு இழுக்கும்

வணக்கம். சிற்பம் என்றதும் கல்லும் உளியும்தான் நினைவுக்கு வரும். நான் பல்கலைக்கழகத்தில் படித்தது உலோகச் சிற்பம். படம் போட்டுக் காட்ட இங்கே வழியில்லை, ஆனால் எங்கள் படிப்பில் பாதி காதால் படித்ததுதான், அதனால் வானொலி பரவாயில்லை.

எண்ணெயில் ஏதாவது பொரியும் சத்தம் தெரியும் இல்லையா? வெல்டிங் ஒழுங்காக விழுந்தால் அதே சத்தம், சீராக. ராடு, அதாவது உருகி இணைக்கும் வெல்டிங் குச்சி, விலகினால் சீறும். ரொம்ப நெருங்கினால் ஒட்டிக்கொண்டு அடங்கிப்போகும். முகமூடிக்குள் ஒரே இருட்டு, தெரிவது ஒரு சின்ன உருகல் மட்டும், அதனால் காதைத்தான் நம்ப வேண்டும்.

முதல் வருடம் ஆளுயரத்துக்கு ஓர் உருவம் செய்தேன். முதுகெலும்புக்கு இரண்டு இரும்புப் பட்டைகள். சத்தம் அழகாக வருகிறதே என்ற குஷியில் ஒரே பக்கமாக மேலிருந்து கீழ்வரை நிறுத்தாமல் வெல்டிங் போட்டுவிட்டேன். முகமூடியைத் தூக்கிப் பார்த்தால் ஏறக்குறைய நேராகத்தான் நின்றது. பிறகு ஆற ஆற 'டிக், டிக்' என்று சத்தம். அரை மணி நேரத்தில் நம் ஆள் கூன் விழுந்து நிற்கிறார்! உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் மற்றதையும் இழுக்கும். இதை வகுப்பில் எழுதிப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியவன் நான். சுத்தியலை எடுக்கப் போனேன். "இருப்பா, அடிக்காதே, எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று முதலில் பார்" என்றார் ஆசிரியர். அன்று முழுக்க அளந்துகொண்டிருந்தேன். அடுத்ததற்கு முதலில் அங்கங்கே புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து, அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அவசரப்பட்டால் சூடு இழுக்கும், திரும்பவும் சொல்கிறேன், சூடு இழுக்கும்.

வெல்டிங்கெல்லாம் கலையா என்று வீட்டில் கேட்டார்கள். ஹூலியோ கோன்சாலெஸ் என்ற ஸ்பானியச் சிற்பி 1918-இல் ரெனோ கார் தொழிற்சாலையில் வெல்டிங் கற்றவர். பத்து வருடம் கழித்து பிக்காசோவே இரும்பு வேலைக்கு அவரைத்தான் தேடிப் போனார். இதைச் சொல்லித்தான் வீட்டில் வாயடைத்தேன்.

மெழுகு வார்ப்புக்கென்று தனியாக நேரம் வைத்திருந்தேன், நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு கட்டிச் சூடாக்கினால், மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் வெண்கலம் போய் நிற்கும், ஊற்றும்போது சூடு சுமார் 1100 டிகிரி செல்சியஸ், அச்சில் துளி ஈரம் இருந்தாலும் ஆபத்து. இன்னொன்று, துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை அப்படியே வெல்டிங் செய்யாதீர்கள், அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவே காய்ச்சல் வரும். நான் படுத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.