34 ஓட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

1973 நவம்பரில் வெள்ளை மாளிகையில் எடுத்த படம் ஒன்று உண்டு. அதிபர் நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ், மேசைக்கடியில் இருக்கும் மிதியிலிருந்து காலை எடுக்காமல், உடம்பை வளைத்துப் பின்னாலிருக்கும் போனுக்குக் கை நீட்டுகிறார். நிக்சன் தன் பேச்சுகளைப் பதிவு செய்துவைத்த ஒலிநாடா இப்படித்தான் தவறுதலாக அழிந்திருக்கும் என்று செய்து காட்டுகிறார். தன்னால் அழிந்தது ஐந்து நிமிடம் இருக்கலாம் என்றார். நாடாவில் காணாமல் போயிருந்ததோ பதினெட்டரை நிமிடம்!

1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்கள் பிடிபட்டு மூன்றாம் நாள் பதிவான பேச்சு அது.

விசாரணைக்காக நாடாக்களைக் கேட்டபோது நிக்சன் கொடுக்க மறுத்தார். அதிபரின் அறையில் பேசுவது வெளியே போகாது என்றால்தான் ஆலோசகர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது அவர் வாதம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும் என்று தெரிந்தால் எந்த அதிகாரி தலைவரிடம் ‘ஐயா, இது தப்பு’ என்பார்? 1974 ஜூலை 24 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இந்த ரகசிய உரிமையை ஒப்புக்கொண்டது. ஆனால், குற்ற வழக்குக்கு வேண்டிய சாட்சியத்தை அதைக் காட்டி மறைக்க முடியாது என்றது. எட்டு நீதிபதிகளும் ஒரே குரல். தீர்ப்பை எழுதிய வாரன் பர்கர், நிக்சனே நியமித்த தலைமை நீதிபதி.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். சரி, நீதிமன்றத்திடம் படையா இருக்கிறது? முந்தைய அக்டோபரில் நாடாக்களைக் கேட்ட, வாட்டர்கேட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் காக்ஸையே நிக்சன் வீட்டுக்கு அனுப்பினார். காக்ஸை நீக்க மறுத்த அட்டர்னி ஜெனரல் ராஜினாமா செய்தார். அடுத்த நிலையில் இருந்தவரும் மறுத்துப் பதவியை இழந்தார். மூன்றாமவர் நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தைரியமாகத்தான் செய்தார் நிக்சன். ஆனால் பதவிநீக்கப் பேச்சு சூடுபிடித்ததே அந்த ராத்திரிக்கு அப்புறம்தான்.

தீர்ப்பு வந்து மூன்றாம் நாள், பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவில் பதவிநீக்கத்துக்கு ஆதரவாக 27, எதிராக 11. அந்த 27 பேரில் ஆறு பேர் நிக்சன் கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 5-ல் வெளியான நாடாவில், எஃப்.பி.ஐ. விசாரணையை சி.ஐ.ஏ.வை வைத்துத் தடுக்க அவரே சம்மதித்தது கேட்டது.

இரண்டு நாள் கழித்து, சொந்தக் கட்சியிலிருந்து செனட்டர் கோல்ட்வாட்டர் உட்பட மூன்று தலைவர்கள் அவரைப் பார்க்கப் போனார்கள். பதவிநீக்கத்தை முடிவு செய்யும் செனட்டில் தப்பிக்க, நூறில் 34 ஓட்டு வேண்டும். அவ்வளவு தேறாது என்றார்கள். ராஜினாமா செய்யுங்கள் என்று மூவரும் கேட்கவில்லை, கணக்கை மட்டும் சொன்னார்கள். மறுநாள் இரவு நிக்சன் டிவியில் தோன்றி, பதவி விலகுவதாக அறிவித்தார்.