சிங்கப்பூரில் எத்தனை மணிக்கு எழுந்தால் வைகறை?

சரி, அடுத்த கேள்வி செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. தஞ்சாவூரில் இருக்கிற மாமியார், "வைகறைத் துயில் எழு என்று ஔவையாரே சொல்லியிருக்கிறார், பிள்ளையை 4 மணிக்கு எழுப்பிப் படிக்க வை" என்கிறாராம். பையன் தொடக்கநிலை நான்கு. துணைப்பாட வகுப்பு (டியூஷன்) முடிந்து படுக்கவே இரவு 10 மணி ஆகிவிடுகிறதாம். எழுப்பலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம்மா. ஆத்திசூடியில் மணிக்கணக்கே கிடையாது. வைகறை என்பது விடிவதற்கு முந்தைய பொழுது. தஞ்சாவூரில் ஏறக்குறைய 6 மணிக்கு விடிகிறது. இங்கே ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டித்தான் சூரியன் தலைகாட்டும். நம் தீவு இருக்கிற இடத்துக்குக் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் இருந்தாலே போதும். நாமோ ஏற்கெனவே ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம். 1982 ஜனவரி 1 அன்று மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியபோது நாமும் தள்ளினோம், அது 8 மணி நேரம் ஆயிற்று. உச்சி வெயில் இங்கே 1 மணிக்கு அடிப்பது அதனால்தான்.

பிரம்ம முகூர்த்தத்தையும் சூரிய உதயத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ணுவார்கள். உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம். 7 மணிக்கு விடிகிற ஊரில் அது 5:24 முதல் 6:12 வரை. பள்ளிப் பேருந்துக்காக 5:45க்கு எழுகிற பிள்ளை அதற்குள்தானே எழுகிறான்? 6:15க்கு உங்கள் பிளாக்குக்குக் கீழே போய்ப் பாருங்கள். தாழ்வார விளக்குகூட அணைந்திருக்காது. பிள்ளைகள் பையை மாட்டியபடி தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 10 மணிதான். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். உங்கள் பையனுக்கு எட்டுகூடத் தேறவில்லை. ஔவையார் காலத்தில் விளக்கு வைத்தால் சாப்பாடு, சாப்பிட்டால் பாய். முன்தூங்கியவர்களைத்தான் அவர் முன்னெழச் சொன்னார். துணைப்பாடத்தைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் 'அனந்தல் ஆடேல்' (அளவுக்கு மீறித் தூங்காதே) என்று அதே ஆத்திசூடியைச் சொல்லி அவன் போர்வையை இழுக்காதீர்கள்.

அப்புறம், இரவு வேலை பார்க்கிற அண்ணன்மார்களே, 'பகல் துயிலோம்' என்று சித்தர் தேரையரின் மருத்துவப் பாட்டில் வருவது இரவில் தூங்குகிறவர்களுக்கு. நீங்கள் திரையை இழுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம், சகோதரி. அவர் அங்கே 4 மணிக்குக் கண் விழிக்கும்போது இங்கே மணி 6:30. பேரன் அதற்குள் பேருந்தில் ஏறியிருப்பான். அதைச் சொல்லுங்கள், போதும்.